பதினாலாம் நம்பர் படுக்கைக்கு ஒரு கிண்ணம் கஞ்சி

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. இந்தக் கதையை உரக்கச் சொல்ல முடியாது. வாசலில் போகிற யார் காதிலாவது விழுந்தால் இதற்கும் ஒரு கமிட்டி போட்டுவிடுவார்கள். காபி ஆறுகிறதே என்கிறவர்கள் குடித்துவிட்டு வாங்க, நான் காத்திருக்கிறேன். ஒரு கிண்ணம் கஞ்சியின் கதை சொல்லப்போகிறேன். இதில் ராஜா கிடையாது, ராணி கிடையாது. ஆனால் ராஜாக்களைவிட அதிகமாகக் கையெழுத்துப் போடுகிற ஏழு பேர் வருகிறார்கள். சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள், உடம்புக்கு ஆகாது.

தொண்ணூற்றாறாம் வருஷம், மே மாசம். மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகிற சாலையில் புறநகர் ஊழியர் கூட்டுறவு மருத்துவமனை என்று ஒன்று இருந்தது. அறுபது படுக்கை, நூற்றுப்பத்துப் பதிவேடு. நோயாளி இல்லாத படுக்கையை அங்கே பார்க்கலாம். கையெழுத்து இல்லாத பக்கத்தைப் பார்க்க முடியாது.

அங்கே பதினாலாம் நம்பர் படுக்கையில் ஏசுபாதம் படுத்திருந்தார். லேத் பட்டறை ஃபிட்டர். அஸ்தினாபுரத்தில் வீடு. மகள் அமலராணிக்கு நிச்சயம் நடந்த அன்றைக்குச் சாப்பாட்டுப் பந்தியில் சம்பந்தி இவரைப் பார்த்து ஏதோ முக்கியமாகப் பேசிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து வாயில் சங்கரா மீன் முள். சம்பந்தி பேசும்போது துப்பினால் மரியாதையா? விழுங்கிவிட்டார். மரியாதை இறங்கிப் போய்விட்டது, முள் இறங்கவில்லை. குறுக்கே நின்று, சீழ் பிடித்து, ஆப்பரேஷன் வரைக்கும் கொண்டுவந்து விட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் டாக்டர் கிருபா வந்து மூக்குக் குழாயை எடுத்தார். சின்ன வயசு, நல்ல கை. ஏசுபாதத்தின் மனைவி ஞானம்மாளைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னார்.

"பயப்படாதீங்கம்மா. புண் ஆறிடுச்சு. இனிமே வாயால சாப்பிடலாம். ஆனா கட்டி, திப்பி எதுவும் இருக்கக் கூடாது. ஓட்ஸ் கஞ்சி, நல்லா குழைஞ்சு, வெண்ணெய் மாதிரி வழுவழுன்னு இருக்கணும். ஒரு கிண்ணம் இறங்கி, இருமல் வராம நின்னுட்டா வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

"எங்க அமலாவுக்குத் திங்கக்கிழமை காலையில கல்யாணம் டாக்டரம்மா. அப்பாதான் கையைப் பிடிச்சுக் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போய் விடணும்."

"அப்ப சனிக்கிழமைக்குள்ள முடிச்சாகணும். ஞாயித்துக்கிழமை இங்க டிஸ்சார்ஜ் கிடையாது. இன்னொண்ணு, கஞ்சி இந்த ஆஸ்பத்திரிச் சமையல்கட்டுல செஞ்சதா இருக்கணும். உணவுப் பதிவேட்டுல ஏறணும். அந்த நகல் இல்லாம நான் கையெழுத்துப் போட்டாலும் உங்களைக் கேட்டுல விட மாட்டாங்க."

ஏசுபாதம் பேசக் கூடாது என்று உத்தரவு. அதனால் மடியில் ஒரு சிலேட்டு. எழுதிக் காட்டினார்: 'ஒரு கிண்ணம்தானே. இன்னைக்கு மத்தியானமே முடிஞ்சுடும்.'

பாவம், முப்பது வருஷம் இரும்போடு பழகின மனுஷர். இரும்பு சொன்ன பேச்சைக் கேட்கும். உலகமும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்.

ஞானம்மாள் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். அளவு சொன்னால் வெட்டுவாள், வெட்டினால் தைப்பாள், தைத்தால் கொடுத்துவிடுவாள். அவளுக்குத் தெரிந்த நிர்வாகம் அவ்வளவுதான். நேரே சமையல்கட்டுக்குப் போனாள். அங்கே சமையல்காரி எல்லம்மா, முடிச்சூர்க்காரி, நூறு பேருக்குச் சாம்பார் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"எல்லம்மா, பதினாலுக்குக் கொஞ்சம் ஓட்ஸ் கஞ்சி வெச்சுத் தர்றியா?"

"ஓட்ஸ் டப்பா கீது யக்கா. பாலு கீது. நானும் தோ நின்னுகினு கீறேன். சட்டிதான் இல்ல."

"இத்தனை சட்டி இருக்கே?"

"இது சோத்துச் சட்டி, அது கொழம்புச் சட்டி. ஓட்ஸ் சட்டின்னு ஒண்ணு இருந்துச்சு. கஞ்சி கோந்து மாதிரி வரும், ஆனா வரும். பொங்கலுக்கு அத்த அரக்கு வெச்சு சீல் அடிச்சு ஸ்டோர்ல போட்டுப் பூட்டிட்டாங்க. இனிமே ஓட்ஸ்னா அதுலதானாம்."

எல்லம்மா கரண்டியால் காட்டின இடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே வெள்ளை வெளேரென்று, பூசணிக்காய் பருமனில் ஒரு மின்சார பிரஷர் குக்கர். நெற்றியில் சந்தனம், குங்குமம். கழுத்தில் காய்ந்த சாமந்தி மாலை. யாரோ ஒரு உறுப்பினரின் மருமகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து தானமாகக் கொடுத்தது. அடுப்பு வேண்டாம், தீ வேண்டாம். வயரைச் செருகி மூடியைத் திருகிப் பொத்தானை அமுக்கினால் தானே வேகும், தானே நிற்கும்.

"அப்ப இதுலயே வெச்சுக் குடேன்."

"இன்னாக்கா நீ, வெளையாடறியா? நாலு மாசமா தெனம் தொடைக்கிறேன். தொடைக்கிறதுக்குத்தான் ஆர்டர். அமுக்கறதுக்கு இல்ல. ஆபீசுல போய்க் கேளு."

ஆபீசில் நிர்வாக அலுவலர் சத்தியநாதன் இருந்தார். மனுஷர் கெட்டவர் இல்லை. நாற்காலி காட்டி உட்காரச் சொன்னார். ஃபேனைக்கூடத் திருப்பி விட்டார்.

"அம்மா, நீங்க அதைக் குக்கர்னு நினைக்கிறீங்க. உங்க மேல தப்பில்ல. பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். ஆனா உள்ள என்ன நடக்குது? தண்ணி கொதிக்குது. ஆவி வெளிய போக முடியாம அழுத்தமா நிக்குது. அப்ப அது என்ன?"

"குக்கர் சார்."

"பாய்லர்." அவர் கோப்பை எடுத்து மேஜையில் வைத்தார். மேஜை கொஞ்சம் இறங்கியது. "பாய்லரைப் பதிவு பண்ணாம இயக்கினா என்ன ஆகும் தெரியுமா? அதனால பாய்லர் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு முறைப்படி விண்ணப்பம் போட்டிருக்கோம். பாருங்க."

ஞானம்மாள் பார்த்தாள். தொழிற்சாலைப் பாய்லருக்கான நாலு பக்கப் படிவம். ஒரு கட்டம் விடாமல் அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தார்கள். புகைபோக்கியின் உயரம்: முக்கால் அங்குலம், மேலே உள்ள துளை உட்பட. பயன்படுத்தும் எரிபொருள்: ஓட்ஸ். இயக்குபவரின் தொழில்நுட்பத் தகுதி: எல்லம்மா. அபாய காலத்தில் அப்புறப்படுத்த வேண்டிய பகுதி: முடிச்சூர், ஒரு பாதி.

"இதுக்குப் பதில் வரலையா சார்?"

"வந்துச்சு. அதுதான் சிக்கல்." ஒரு தாளை எடுத்தார். அதில் ஒரே வரி. 'இது சமையல் பாத்திரம். தயவுசெய்து சமைக்கவும்.'

"அப்ப சமைக்கலாமே சார்!"

சத்தியநாதன் வருத்தமாகச் சிரித்தார். "இருபத்தாறு வருஷ சர்வீஸ்ம்மா எனக்கு. மேலேர்ந்து வந்த எந்தக் கடிதத்துலயும் 'தயவுசெய்து'ன்னு ஒரு வார்த்தையை நான் பார்த்ததில்ல. இதை எப்படி நம்பறது? கடிதம் அசலா, போலியான்னு கேட்டு அவங்களுக்கே எழுதியிருக்கோம்."

"அப்ப அந்தப் பழைய சட்டியாவது..."

"புதுசு ஸ்டாக்குல ஏறின தேதியிலேர்ந்து பழசு செல்லாது. ரெண்டும் இருந்தா எதுல செஞ்ச கஞ்சின்னு குழப்பம் வரும்."

"இப்ப எதுலயும் செய்யலையே சார்."

"அதான் குழப்பமே இல்ல."

அன்றைக்கும் ஏசுபாதத்துக்குப் பார்லித் தண்ணீர்தான். அது வயிற்றுக்கும் பதிவேட்டுக்கும் கஞ்சியாகக் கணக்கில்லை.

புதன்கிழமை காலையில் ஞானம்மாள் வீட்டிலேயே ஓட்ஸைக் காய்ச்சி, புடவைத் துணியில் வடிகட்டி, ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு வந்தாள். பதிவேட்டில் ஏறாவிட்டால் போகிறது, மனுஷனுக்குத் தெம்பாவது வரட்டும் என்று. வாசலில் வாட்ச்மேன் சேட்டு ஃபிளாஸ்கைத் திறந்து முகர்ந்தான்.

"வெளி உணவு. உள்ள போகக் கூடாது. கொட்டியாகணும்."

"அண்ணா, கஞ்சிதான் அண்ணா."

"கஞ்சின்னாலும் கொட்டியாகணும். நீ நில்லு, நானே கொட்டிட்டு வரேன்."

காவல் கூண்டுக்குப் பின்னால் போனான். காலி ஃபிளாஸ்கோடு வந்தான். கொட்டியதற்கு அடையாளமாக மீசையில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. "சக்கரை பத்தலக்கா" என்று வேறு சொன்னான்.

அன்றைக்குச் சாயங்காலம் ஞானம்மாள் அழுதுகொண்டே மருத்துவமனைத் தலைவர் தேவானந்தத்தின் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் கேட்டார், கேட்டார், கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது.

"அடடா! வெள்ளிக்கிழமை நம்ம பொதுக்குழு. என்ன விழா வைக்கிறதுன்னு ஒரு வாரமா மண்டையைக் குடைஞ்சுக்கிட்டிருக்கேன். நோயாளியே வந்து கேக்கறார்! குக்கரைத் திறந்து வெச்சுடுவோம். முதல் கஞ்சி உங்க வீட்டுக்காரருக்குத்தான்."

"அனுமதி இல்லைன்னு சொல்றாங்களே ஐயா?"

"நடத்தறதுக்குத்தாம்மா அனுமதி வேணும். திறந்து வைக்கிறதுக்கு என்னத்துக்கு அனுமதி? இந்த வட்டாரத்துல நான் திறந்து வெச்சதுல பாதி இன்னும் நடக்கவே ஆரம்பிக்கல. யாராவது கேட்டாங்களா?"

இப்படியாக, கஞ்சிக்கு நாள் குறித்தாயிற்று.

வியாழக்கிழமை ஒத்திகை. குக்கரை அலமாரியிலிருந்து இறக்கினார்கள். வயரைப் பிரித்தால் அதன் நுனியில் மூன்று சதுரக் கால். நம் ஊர்ச் சுவரில் மூன்று வட்டத் துளை. எலக்ட்ரீஷியன் சுந்தர்சிங் சொன்னார்: "ஒண்ணுமில்ல சார். இந்த நுனியை வெட்டிட்டு நம்ம ஊரு பிளக்கை மாட்டிடலாம். அஞ்சு நிமிஷம்."

"வெட்டறதா?" சத்தியநாதன் பதறினார். "தானமா வந்த பொருள். ஸ்டாக்கு ரெஜிஸ்டர்ல 'பிளக்குடன்'னு எழுதியிருக்கு. வெட்டினா சேதப்படுத்தின மாதிரி. வேற வழி சொல்லுய்யா."

சுந்தர்சிங் தலையைச் சொறிந்தார். "வேற வழின்னா சதுரத் துளை வெச்ச பெட்டி வாங்கிச் சுவத்துல பதிக்கணும். சுவத்தை உடைக்கணும் சார்."

"சுவரு ஸ்டாக்கு ரெஜிஸ்டர்ல இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப உடை."

உடைத்தார். மத்தியானம் வரைக்கும் உடைத்தார். ரங்கநாதன் தெருவில் தேடிப் பிடித்து அந்தப் பெட்டியை வாங்கி வந்து பதித்தார்.

அடுத்தது கஞ்சி. உணவியல் அலுவலர் ஹில்டா மேடம் கையில் ஒரு அச்சடித்த தாள். "முழுக் கொள்ளளவுக்குச் சமைத்துக் காட்டணும். ஆறு லிட்டர்னு எழுதியிருக்கு. ஆறு லிட்டர் ஊத்து."

"மேடம், ஓட்சு பொங்கும் மேடம்," என்றாள் எல்லம்மா. "பாதிக்கு மேல போவக் கூடாது. பாலையும் மொதல்லயே ஊத்தாதீங்க, அடி பிடிச்சுக்கும்."

"நீ நியூட்ரிஷன் படிச்சிருக்கியா?"

"இல்ல மேடம். பொங்குறத தொடைச்சிருக்கேன்."

விளிம்பு வரைக்கும் ஓட்ஸும் பாலும் ஊற்றி மூடினார்கள். அக்கம்பக்கத்தை எச்சரிக்கச் சேட்டு ரோட்டில் சிவப்புக் கொடியோடு நின்றான். பொத்தானை அமுக்கினார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் மேலே இருந்த அந்த முக்கால் அங்குலப் புகைபோக்கி முதலில் தும்மியது. பிறகு சீறியது. பிறகு கஞ்சி நேர் மேலே எழும்பி, விட்டத்தைத் தொட்டு, ஃபேன் இறக்கையில் பட்டு, நாலு திசைக்கும் சமமாகப் பிரிந்தது. ஹில்டா மேடத்தின் கொண்டையில் கொஞ்சம், சத்தியநாதனின் கோப்பில் கொஞ்சம். கோப்புக்கு நாலு மாசத்தில் கிடைத்த முதல் ஆகாரம் அது.

சாயங்காலம் ஒத்திகை அறிக்கை எழுதினார்கள். நான் கூட்டிச் சொல்லவில்லை, அதில் இருந்தது இதுதான்: 'ஒத்திகை வெற்றி. கஞ்சி எதிர்பார்த்ததை விட அதிக உயரத்தை எட்டியது.'

ஞானம்மாள் வார்டுக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். ஏசுபாதம் சிலேட்டை நீட்டினார்: 'அமலாவை என் தம்பி கூட்டிட்டுப் போகட்டும். சொல்லிடு.' எழுதிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஞானம்மாள் அந்தச் சிலேட்டை வாங்கி முந்தானையால் அழித்தாள். நன்றாக, ஒரு எழுத்தும் தெரியாதபடி அழித்தாள். மறுபடி அவர் கையில் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. சமையல்கட்டு வாசலில் வாழைமரம், ஷாமியானா, மைக். செயற்குழு உறுப்பினர்கள் நாலு பேர், தலைவர், சத்தியநாதன், ஹில்டா மேடம் என்று ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஓரத்தில் ஒரு காலிக் கிண்ணத்தோடு ஞானம்மாள்.

இந்தத் தடவை எல்லம்மா யாரையும் கேட்கவில்லை. குக்கருக்குள் இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டாள். ஒரு எவர்சில்வர் தூக்கின் உட்பக்கமெல்லாம் நெய் தடவினாள், பொங்கினாலும் வழுக்கி இறங்கட்டும் என்று. ஓட்ஸ் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, ஒரு சிட்டிகை உப்பு. தூக்கு பாதிதான் நிறைந்தது. அதைத் தூக்கிக் குக்கருக்குள் இறக்கினாள். பால் தனியாகக் காய்ந்துகொண்டிருந்தது.

"ஒரு கிண்ணம் போதுமே எல்லம்மா, எதுக்கு இவ்வளவு?" ஞானம்மாள் காதோடு கேட்டாள்.

"நாலு கிண்ணத்துக்கு வெச்சிருக்கேன்க்கா. பெரிய மனுசங்க ஏழு பேரு குந்திகினு கீறாங்க. ஒரு கிண்ணம் வெச்சா வாசனைக்கே பத்தாது."

தலைவர் ரிப்பனை வெட்டி, பொத்தானை அமுக்கினார். எல்லாரும் இரண்டடி பின்னால் போய் நின்றார்கள். பத்து நிமிஷத்தில் குக்கர் ஒரு பெருமூச்சு விட்டுத் தானாக நின்றது.

"திற, திற," என்றார் சத்தியநாதன்.

"இப்ப தொறந்தா நேத்திக்கி மாதிரி ஆயிடும் சார். ஆவி தானா எறங்கணும். இருவது நிமிசம் ஆவும்."

இருபது நிமிஷம் விழா சும்மா நிற்கலாமா? தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! ஒரு காலத்திலே இந்த மருத்துவமனையிலே நோயாளி கஞ்சி கேட்டால் பத்து நிமிடத்திலே கிடைத்தது. கேட்டார்கள், கொடுத்தார்கள், குடித்தார்கள், குணமானார்கள், போய்விட்டார்கள். அதற்கு ஒரு தடயம் உண்டா? ஒரு கோப்பு உண்டா? வெட்கமாக இருக்கிறது. இன்றைக்கு நிலைமை என்ன? கடந்த நான்கு மாதமாக ஒரு கரண்டி கஞ்சி வெளியே போகவில்லை. ஆனால் கோப்பு முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் வளர்ந்திருக்கிறது! நோயாளிகள் இன்று வருவார்கள், நாளை போவார்கள். சிலர் போயேவிடுவார்கள். நிர்வாகம்தான் நிலையானது. பசி என்ன பசி! பசித்தவன் பொறுத்துக்கொள்வான், தணிக்கை பொறுத்துக்கொள்ளுமா?"

கைதட்டல். இப்படி முப்பது நிமிஷம். ஒன்று மட்டும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன் கண்ணுகளா. அந்தக் கஞ்சி அப்படிக் குழைந்து வந்ததற்குத் தலைவரின் உரைதான் காரணம். அந்த உரையால் ஒருவருக்கு நன்மை விளைந்தது என்றால் அது ஓட்ஸுக்குத்தான்.

எல்லம்மா மூடியைத் திறந்தாள். காய்ந்த பாலை மெள்ள மெள்ள விட்டு, ஒரே பக்கமாகக் கலக்கினாள். கட்டி இல்லை, திப்பி இல்லை. பட்டுத் துணி மடிப்பு விழுகிற மாதிரி கரண்டியிலிருந்து விழுந்தது. கொஞ்சம் சர்க்கரை, துளி ஏலக்காய். ஞானம்மாள் கிண்ணத்தை நீட்டினாள்.

"ஒரு நிமிஷம்," என்றார் ஹில்டா மேடம். "ருசி பார்க்கணும்."

அந்த ஆஸ்பத்திரியில் அது ஒரு விதி. எந்த ஆகாரமும் நோயாளிக்குப் போகுமுன் ஒரு அலுவலர் ஒரு தேக்கரண்டி ருசி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சாதாரண நாளில் யாரும் பார்ப்பதில்லை, எல்லம்மாவின் சாம்பாரைச் சாப்பிடாமலே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இன்றைக்கு விழா ஆயிற்றே. ஏழு பேரும் எழுந்தார்கள். தேக்கரண்டி ஸ்டோரில் பூட்டியிருந்தது, சாவி கிடைக்கவில்லை. அதனால் குழம்புக் கரண்டி.

தலைவர் முதலில் வாயில் வைத்தார். கண்ணை மூடினார். திறக்கவில்லை.

"என்ன சார், எப்படி இருக்கு?"

"ஒரு தடவையிலே சொல்ல முடியாது," என்று இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார்.

சத்தியநாதன் முதல் கரண்டியை வெப்பம் சரிபார்க்கச் சாப்பிட்டார். இரண்டாவதை வழவழப்பு சரிபார்க்க. ஹில்டா மேடம் மேலே எடுத்தது, நடுவில் எடுத்தது, அடியில் எடுத்தது என்று மூன்று மாதிரி எடுத்தார். ஒரு உறுப்பினர் முதல் கரண்டிக்கும் இரண்டாவதுக்கும் வித்தியாசம் இருப்பதாகச் சந்தேகப்பட்டார். அதைத் தீர்க்க மூன்றாவது தேவைப்பட்டது. இன்னொருவர் ஒன்றும் பேசவில்லை, கரண்டியை யாருக்கும் கொடுக்கவும் இல்லை. ஞானம்மாள் கிண்ணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே வந்தாள். அவள் தூக்குக்குப் பக்கத்தில் வந்தபோது தூக்கின் அடி பளபளத்தது.

ஏழு பேரும் பதிவேட்டில் 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பொதுக்குழுவுக்குப் போனார்கள்.

எல்லம்மா ஒரு வார்த்தை சொன்னாள். அதை நான் இங்கே சொல்ல முடியாது. அப்புறம் தூக்கின் பக்கமெல்லாம் ஒட்டியிருந்ததை, நெய் தடவின பக்கம் ஆயிற்றே, கரண்டிப் பின்புறத்தால் சுற்றிச் சுற்றி வழித்தாள். மிச்சமிருந்த பாலை விட்டுக் கலக்கினாள். முக்கால் கிண்ணம் தேறியது.

வார்டில் டாக்டர் கிருபா பக்கத்தில் நின்று பார்க்க, ஏசுபாதம் முதல் வாயை விழுங்கினார். எல்லாரும் அவர் தொண்டையையே பார்த்தார்கள். இறங்கியது. இரண்டாவது வாய். மூன்றாவது. கிண்ணம் காலி. அரை மணி நேரம் காத்திருந்தார்கள். இருமல் இல்லை, வலி இல்லை. சிலேட்டில் எழுதினார்: 'இன்னும்?'

ஞானம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"எனக்குத் திருப்தி," என்றார் டாக்டர். "இவர் நல்லா விழுங்கறார். ஆனா வழிச்சு எடுத்தது பதிவேட்டுல ஏறாதே. வாங்க, கேட்டுப் பார்ப்போம்."

பொதுக்குழுவிலிருந்து திரும்பிய ஹில்டா மேடமும் சத்தியநாதனும் சமையல்கட்டில் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாலு கட்டம். சமைத்த அளவு: நாலு கிண்ணம். ருசி பார்த்தது: ஏழு பேர், தலைக்கு ஒரு தேக்கரண்டி. மீதம்: இல்லை. நாலாவது கட்டம் வெறுமையாக இருந்தது. நோயாளி உட்கொண்ட அளவு.

"சார்," என்றாள் ஞானம்மாள், நிஜமாகவே புரியாமல். "நான் தையக்காரி. நாலு மீட்டர் துணி கொடுத்தா, தைச்சது இவ்வளவு, வெட்டு விழுந்தது இவ்வளவுன்னு சொல்லியாகணும். நாலு கிண்ணத்துல ஏழு ஸ்பூன் போனா மிச்சம் எங்க சார் போச்சு?"

சத்தியநாதன் ஃபேனைப் பார்த்தார். ஃபேனில் வியாழக்கிழமைக் கஞ்சி காய்ந்திருந்தது.

"ருசி பார்க்கும்போது கொஞ்சம் கூடக் குறைய..."

"விதியில ஒரு தேக்கரண்டிதான் சார்," என்றார் டாக்டர். "கூடச் சாப்பிட்டா நோயாளி ஆகாரத்தை அலுவலர் சாப்பிட்டதா ஆகும். எழுதலாமா? தலைவர் பேரும் வரும்."

"சேச்சே!"

"ஆவியா பூட்சோ இன்னாவோ சார்," என்றாள் எல்லம்மா, முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

"ஆங்! ஆவி!" சத்தியநாதன் பேனாவை எடுத்தார்.

ஹில்டா மேடம் அவர் கையைப் பிடித்தார். "ஆவியா போச்சுன்னா பாய்லர் லீக் சார். லீக்னா விபத்து அறிக்கை. தலைவர் காலையிலதான் திறந்து வெச்சிருக்கார்."

எல்லாரும் அந்த நாலாவது கட்டத்தைப் பார்த்தார்கள். அலுவலர்கள் சாப்பிடவில்லை. பாய்லர் குடிக்கவில்லை. மீதமும் இல்லை. அப்படியானால் அந்தக் கஞ்சி போயிருக்கக் கூடிய வாய் இந்த ஆஸ்பத்திரியில் ஒன்றே ஒன்றுதான்.

ஹில்டா மேடம் மெதுவாக எழுதினார்: 'பதினாலாம் நம்பர் படுக்கை, நாலு கிண்ணம், ஏழு தேக்கரண்டி நீங்கலாக. முழுதும் உட்கொண்டார்.'

"நான் ஒரு கிண்ணம்தான் கேட்டேன்," என்றார் டாக்டர் கிருபா. "இவ்வளவு சாப்பிட்டவரை இன்னும் படுக்க வெச்சா என்னைத்தான் கேள்வி கேப்பாங்க. நாளைக்குக் காலையில டிஸ்சார்ஜ். நகல் குடுங்க சார்."

சத்தியநாதன் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டுதான் கொடுத்தார், ஆனால் முத்திரை நேராக விழுந்தது.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஏசுபாதம் கேட்டைத் தாண்டும்போது அறிவிப்புப் பலகையில் ஒரு புதுச் சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. பதினாலாம் நம்பர் படுக்கையின் அற்புதமான முன்னேற்றத்தைக் கருத்தில் கொண்டு, இனிமேல் தொண்டை ஆப்பரேஷன் நோயாளிகள் ஒவ்வொருவரும் நாலு கிண்ணம் கஞ்சி சாப்பிட்டால்தான் வீட்டுக்குப் போகலாம், ருசி பார்ப்பதற்குச் செயற்குழு தவறாமல் வரும். எல்லம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். "சரி, எட்டு கிண்ணம் வெச்சுட்டாப் போச்சு. மொதல்ல நாலு வார்டுக்குள்ள போவும், அப்பாலதான் ருசி பாக்க வாங்கன்னு மணி அடிப்பேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் அப்படித்தான் செய்தாள் என்று கேள்வி.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அஸ்தினாபுரத்துக் கோயிலில் மணி அடித்தது. ஏசுபாதத்துக்குச் சட்டை தொளதொளவென்று இருந்தது. ஞானம்மாள் விடியற்காலையிலேயே இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துவிட்டாள். வாசலில் அமலராணி அப்பாவின் கையைப் பிடித்தாள். "மெதுவா போலாம்ப்பா" என்றாள். பாடகர் குழு பாட்டை ஆரம்பித்தது. ஒரு மாசமாகப் பேசாமல் இருந்த மனுஷர் மகள் பக்கம் குனிந்து, காற்றும் குரலுமாக, "நீ நட. நான் வரேன்" என்றார். பீடம் வரைக்கும் நடந்தார்கள். எங்கேயும் நிற்கவில்லை.

அவ்வளவுதான் கதை. கிளம்புங்க கண்ணுகளா, நேரமாகிறது. உங்கள் வீட்டில் நோயில் படுத்தவர்கள் எழுந்து நடக்கட்டும். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற நாளில் அவளைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நிற்கட்டும். அடுப்பில் வேகிறது வேகிற நேரத்தில் வெந்து, பாத்திரத்துக்கும் வாய்க்கும் நடுவில் ஒருத்தர் கையெழுத்தும் குறுக்கே வராமல், உங்கள் குடும்பம் சூடாகச் சாப்பிட்டு, குளிரக் குளிர வாழட்டும்.